களத்தில் ஒரு வகுப்பறை

அமெரிக்கக் கால்பந்தில் 'குவார்ட்டர்பேக்' என்பவரே அணியின் மூளை. பந்து கைக்கு வந்த சில நொடிகளில், அதை யாருக்கு எறிவது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். அம்முடிவையும் பாடமாகக் கற்பிக்கலாம் என்று காட்டியவர் பால் பிரவுன்.

1908-இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்த பிரவுன், பள்ளி ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கினார். 1946 முதல் கிளீவ்லாந்து அணியைப் பயிற்றினார். வீரர்களை வகுப்பில் அமர்த்திக் குறிப்பெழுதச் செய்தார். ஆட்டப் படச்சுருள்களை ஓட்டிப் பிழை திருத்தினார். எழுத்துத் தேர்வும் வைத்தார். இசை பயின்ற ஆட்டோ கிரஹாம் அவரிடம் குவார்ட்டர்பேக் ஆகி, 10 ஆண்டுகளில் 10 இறுதியாட்டங்களைக் கண்டார், ஏழில் வென்றார்.

ஆனால், களத்தில் அடுத்து ஆட வேண்டிய முறையைப் பிரவுனே ஆளனுப்பிச் சொல்லிவிடுவார். சிந்திக்கக் கற்பித்தவர், முடிவை மட்டும் ஏன் தம்மிடமே வைத்துக்கொண்டார்? ஆராய்ச்சி மாணவனாகிய எனக்கு இக்கேள்வி உறுத்துகிறது.

1963-இல் கிளீவ்லாந்து அவரை நீக்கியது. 1968-இல் சின்சினாட்டியில் புது அணி கண்டார். அங்கே அவருடைய உதவியாளர் பில் வால்ஷ், கென் ஆண்டர்சன் என்னும் இளைஞரை வளர்த்தார். 1976-இல் பிரவுன் ஓய்வு பெற்றார். பதவியை வால்ஷுக்குத் தரவில்லை. வால்ஷ் பிரிந்தார், பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் ஜோ மான்டானாவை உருவாக்கினார். 1982 ஜனவரி இறுதியாட்டத்தில் மான்டானாவின் அணி, ஆண்டர்சன் ஆடிய பிரவுனின் அணியை 26–21 என வென்றது.

பிரவுன் 1991-இல் மறைந்தார். அன்று அவரை வென்றது அவர் வளர்த்த கல்விதான். நண்பர்களே, நாளை நாமும் ஆசிரியராகலாம். மாணவன் நம்மை மிஞ்சும் நாளில் அவனுக்கு இடம் விடுவோமா?