மெய்க்காவலரைக் கண்ட மேதை

களம்பூர் உழவரின் காலில் முள் தைத்தால், அதனுடன் பூஞ்சையும் உட்புகக்கூடும். அவ்வாறு புகுந்து எலும்பையும் அரிக்கும் நோய், மதுரையின் பெயரால் ‘மதுரைக்கால்’ என வழங்குகிறது. ஆயினும் முள் தைத்தவர் எல்லோரும் அந்நோய்க்கு ஆளாவதில்லை. உடலைக் காக்கும் காவலரைக் கண்டறிந்தவர் இலியா மெச்னிகாவ்.

1845-இல் உருசியப் பேரரசில் பிறந்த அவர், 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில், நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் முள்ளைச் செலுத்தினார். மறுநாள் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்து நின்றன. 1884-இல், கண்ணாடிபோன்ற உடலுடைய நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரை ஆராய்ந்தார். ஊசிபோன்ற பூஞ்சை வித்துகள் அதன் குடலைத் துளைத்தன. குருதியணுக்கள் அவற்றை விழுங்கிச் செரித்தன. அணுக்கள் வென்றால் தெள்ளு பிழைத்தது. பூஞ்சை பெருகினால் மாண்டது.

அறிஞர் பலர் மறுத்தும் அவர் தளரவில்லை. 1908-இல் பால் எர்லிக்குடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1916-இல் பாரிசில் மறைந்தார். நம் குருதியின் வெள்ளணுக்களும் அக்காவலையே ஓயாது புரிகின்றன.