குந்தவைப் பிராட்டியார்

திருமலைக்குச் செல்லும் நம் குடும்பத்தார், மலைமேல் பாறையில் 16 அடி உயரத்திற்கு மேல் ஓங்கி நிற்கும் நேமிநாத பகவானை வணங்கிக் கீழிறங்கிய பின், அடிவாரத்தில் உள்ள குந்தவை ஜினாலயத்தையும் வலம்வந்தே ஊர் திரும்புவது வழக்கம். சென்ற முறை என்னுடன் வந்த பெயர்த்தி, திரைப்படத்தில் கண்ட குந்தவையும் இக்கோயிலுக்குப் பெயர் தந்த குந்தவையும் ஒருவர்தாமா என்று வினவினாள். ஒருவர்தாம் என்றேன். ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. கல்கியின் புதினம் காட்டும் இளைய பிராட்டி அழகும் அறிவும் மிக்க கற்பனைப் படைப்பு. கல்வெட்டுகள் காட்டும் பிராட்டியாரோ, குருதி படிந்த ஓர் அரண்மனையில் இளமையைக் கழித்து, அதன் கசப்பு சிறிதும் தம் கொடையில் ஏறாதபடி வாழ்ந்தவர். அவரைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

சுந்தர சோழர் என்று போற்றப்பட்ட இரண்டாம் பராந்தகரின் மகள் குந்தவையார். தாயார் வானவன் மாதேவி, திருக்கோவலூரை ஆண்ட மலையமான் குடியில் வந்தவர். ஆதித்த கரிகாலன் தமையன். பின்னாளில் இராசராசன் எனப் புகழ்பெற்ற அருள்மொழி தம்பி. அக்காலத்துச் சோழர் குடும்பம் காயம் ஆறாத குடும்பம். 949ஆம் ஆண்டு தக்கோலத்தில் இராட்டிரகூடருடன் நடந்த போரில் பட்டத்து இளவரசர் இராசாதித்தர் யானைமேல் இருந்தவாறே உயிர்நீத்தார். தொண்டை நாடு கைவிட்டுப் போயிற்று. அடுத்து வந்த கண்டராதித்தர் சிறுமகனை விட்டு மறைந்தமையால், அரியணை அவர் தம்பி அரிஞ்சயருக்கும், அவர்வழி அவர் மகன் சுந்தர சோழருக்கும் சென்றது. இவ்வாறு, மூத்தவரின் மகன் ஒருபுறம் வளர, இளையவரின் மரபு ஆண்டு கொண்டிருந்தது. உள்ளத்தில் உள்ளதை எவரும் வெளியே சொல்லாத வீடாகவே அஃது இருந்திருக்க வேண்டும்.

ஆதித்த கரிகாலன் இளமையிலேயே பெருவீரனாய் விளங்கினான். சேவூர்ப் போரில் பாண்டியனை வென்று, வீரபாண்டியன் தலைகொண்டவன் என்று தன்னைக் குறித்துக்கொண்டான். இளவரசுப் பட்டமும் பெற்றான். அடுத்த அரசன் அவனே என்றிருந்த வேளையில் அவன் கொலையுண்டான். போர்க்களத்தில் பகைவரால் அன்று. சோழ அரசின் உயர் அலுவலராய்ப் பட்டம் பெற்றிருந்தோரின் சூழ்ச்சியால்! ஏறத்தாழ 970ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த கொடுமை இது.

மூத்த மகனை இழந்த சுந்தர சோழர் காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர் துறந்தார். பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்று பின்னையோர் அவரைக் குறித்தனர். வானவன் மாதேவியார் கணவருடன் தீயில் புகுந்தார். பால்மணம் மாறாத குழவியையும் பிரிந்து அவர் சென்றதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு உருக்கமாகக் கூறுகின்றது. அக்காலத்தார் அதனைக் கற்பின் உயர்வாகப் போற்றினர். உயிர்க்கொலை எவ்வகையினும் தீது என்று கற்று வளர்ந்த நமக்கு அந்த வரிகளை மனம் கலங்காமல் படிக்க இயலாது. தமையன், தந்தை, தாய் என மூவரையும் சில ஆண்டுகளுக்குள் இழந்து நின்றார் குந்தவையார்.

அரியணை ஏறியவர் கண்டராதித்தரின் மகன் உத்தம சோழர். குந்தவையாருக்குச் சிறிய தந்தை முறையினர். சிறிய தந்தையார் நாடாள விரும்பும்வரை, மக்கள் வேண்டியும் தான் அரசை விரும்பவில்லை என்று அருள்மொழி ஒதுங்கி நின்றதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு உரைக்கின்றது. கொலையில் உத்தம சோழருக்குத் தொடர்பு உண்டா? நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் அவ்வையத்தை மறுத்தார். செம்பியன் மாதேவியாரைப் போன்ற அருள் உள்ளம் படைத்த அன்னையின் மகன் அத்தகைய செயலுக்கு உடன்பட்டிருப்பாரா என்னும் எண்ணம் எனக்கும் உண்டு. ஆயின், உண்மை எதுவாயினும் அக்கையும் தம்பியும் வாழ்ந்த நிலை ஒன்றே: தமையனைக் கொன்றவர்கள் தண்டனையின்றி நாட்டில் உலவினர். அவர்களுள் சிலர் அரசுப் பட்டத்துடன் இருந்தனர். ஒரு சொல் தவறினாலும் அடுத்த இலக்கு தம்பியாய் இருக்கக்கூடும். அந்நிலையில் பழி தூண்டாமலும், கட்சி சேர்க்காமலும், நாடு பிளவுபட இடம் தராமலும் பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. பொறுமையின் அருமையை நாம் தசலட்சணப் பருவத்தில் ஆண்டுதோறும் கேட்கிறோம். அது நாள்தோறும் உயிரச்சத்துடன் காக்கப்பட்ட ஒரு காலம் அது.

985ஆம் ஆண்டு அருள்மொழி அரசரானார். அவர்தம் இரண்டாம் ஆட்சியாண்டில் எழுந்த ஆணையொன்று காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் பொறிக்கப்பட்டுள்ளது. சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோர் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அதில் பெயர் சுட்டப்படுகின்றனர். அவர்கள் உடைமையும் உறவினர் உடைமையும் பறிக்கப்பட்டன. உறவினரையும் சேர்த்தது கடுமைதான். அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆணையில் பேசப்படுவது நிலமும் பொருளுமே. உயிருக்கு உயிர் கேட்கும் சொல் அதில் இல்லை.

குந்தவையார் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்பதைத் தஞ்சைக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. புதினத்தில் பக்கம் பக்கமாய்க் குதிரை ஏறி வரும் வந்தியத்தேவர், கல்லில் மனைவியின் கொடையை ஒட்டியே இடம் பெறுவது சுவையான செய்தி. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு பணித்த மன்னர், தாம் கொடுத்தவற்றுக்கு அடுத்ததாகவே தம் அக்கன் கொடுத்தவற்றைக் கூறுகிறார். தேவியர் கொடை அதன் பின்னரே வருகின்றது. அக்கோயிலில் பிராட்டியார் எழுந்தருளுவித்த திருமேனிகளுள் தந்தையின் படிமமும் தாயின் படிமமும் உண்டு. காஞ்சியில் மறைந்த தந்தையையும், தீயில் மறைந்த தாயையும் நெடுங்காலம் கழித்துத் தஞ்சைக்கு அழைத்து வந்தார் மகள். பின்னர்த் தந்தை பெயராலேயே தஞ்சையில் ஆதுலர்சாலை ஒன்று நடைபெறவும் நிலம் அளித்தார். ஆதுலர்சாலை என்பது பிணியாளர்க்கு மருந்தளிக்கும் இடம்.

இனி நமக்கு நெருங்கிய செய்திக்கு வருவோம். திண்டிவனம் பகுதியில் உள்ள தாதாபுரம், அன்று தம்பியின் பெயரால் இராசராசபுரம் என வழங்கிற்று. அங்கே பிராட்டியார் சிவபெருமானுக்கு இரவிகுலமாணிக்க ஈச்சுவரமும், திருமாலுக்குக் குந்தவை விண்ணகரும், அருகப் பெருமானுக்குக் குந்தவை ஜினாலயமும் எடுப்பித்தார். மூன்றும் ஒரே ஊரில், ஒரே கையால். பொன்னும் வெள்ளியும் முத்தும் வழங்கப்பட்டதைக் கல்வெட்டுகள் நிறுத்தும் எண்ணியும் குறிக்கின்றன. சிவன் கோயிலும் திருமால் கோயிலும் இன்றும் உள்ளன. ஜினாலயம் இன்று இல்லை.

இதனைக் கொண்டு, பிராட்டியார் சமணரே என்று நம்மவருள் சிலர் மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். அன்பு மிகுதியால் பேசுகின்றனர். எனினும் நான் உடன்படேன். அவர் சைவ அரச குடியில் பிறந்து, சிவன் கோயில்களுக்கு வாரி வழங்கியவர். அவரை நம் சமயத்தவர் ஆக்கிவிட்டால், தம் கோயிலுக்குத் தாம் கொடுத்தார் என்று கொடை சிறுத்துவிடும். தாம் பிறந்த நெறி வேறாய் இருந்தும், அருகன் கோயிலுக்குத் தம் பெயரையே இட்டார் என்பதில்தான் அவர்தம் பெருமை உள்ளது. பட்டப்பெயரோ தந்தையின் பெயரோ இட்டிருக்கலாம். குந்தவை என்னும் தம் பெயரையே கொடுத்தார்.

திருமலை அன்று முகைநாட்டு வைகாவூரைச் சேர்ந்த பள்ளிச்சந்தம். பிராட்டியார் காலத்தில் அது ஆளற்ற மலையாய் இருக்கவில்லை. இராசராசரின் 21ஆம் ஆட்சியாண்டில் குணவீர மாமுனிவர் கணிசேகர மருபொற்சூரியன் பெயரால் அங்கே ஒரு கலிங்கு அமைத்தார் என்று பாறைக் கல்வெட்டு சொல்கின்றது. துறவியர் தவத்துடன் வயலுக்கு நீரையும் எண்ணிய இடம் அது. அங்கும் ஸ்ரீ குந்தவை ஜினாலயம் எழுந்தது.

தம்பி மகன் இராசேந்திரன் ஆட்சியிலும் பிராட்டியார் பழையாறை அரண்மனையில் இருந்து அறங்கள் செய்தார். அம்மன்னனின் 13ஆம் ஆட்சியாண்டுக்குரிய திருமலைக் கல்வெட்டு வரலாற்று அறிஞரிடையே பெரும்புகழ் பெற்றது. கங்கைவரை சென்ற படையெடுப்பும், வென்ற நாடுகளும், வீழ்ந்த மன்னரும் அதன் மெய்க்கீர்த்தியில் நிரலாக வருகின்றன. ஆய்வாளர் பெரும்பாலும் அவ்வரிகளுடன் நின்றுவிடுவர். அவற்றையெல்லாம் கடந்து, கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டதோ அந்தச் செய்தி இறுதியில் வருகின்றது. பெரும்பாணப்பாடியில் மல்லியூரில் வாழ்ந்த நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை, ஸ்ரீ குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தா விளக்கு எரிய 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் கொடுத்தாள்.