சொல்லுக்கு எடை போட்டவர்

கடந்த வருடம் எங்கள் கல்லூரி நூலகத்தில் பழைய சஞ்சிகைகளைக் கணினியில் தட்டச்சு செய்யும் வேலை நடந்தது. ஓரங்களைக் கறையான் தின்றுவிட்ட இதழ்கள் பல இருந்தன. இன்னும் சில வருடங்கள் விட்டால் எழுத்துகளும் போய்விடும் என்று நூலகப் பொறுப்பாசிரியை கவலைப்பட்டதால், பாடசாலை விட்ட பிறகு ஆறேழு பேர் உட்கார்ந்து அடித்துக்கொடுத்தோம். நான் கலைப்பிரிவு மாணவி. ஆனாலும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். அந்த ஒரே காரணத்தினால், தட்டச்சு செய்தவற்றுள் வேண்டியதைத் தேடி எடுக்க ஒரு வழி செய்து தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். தேடுபவர் தரும் சொற்கள் ஓர் ஆக்கத்தில் எத்தனை தடவை வருகின்றன என்று எண்ண வேண்டும். கூடுதலாக வருவதை மேலே வைக்க வேண்டும். அவ்வளவுதான். முதல் நாள் பெருநாள், பிறை என்ற இரண்டு சொற்களைக் கொடுத்துப் பார்த்தேன். மொட்டை மாடியில் ஏறிப் பிறை பார்த்ததைப் பற்றி ஒரு பழைய மாணவி எழுதிய கவிதை அந்த இதழ்களில் இருந்தது. தட்டச்சு செய்தவளே நான்தான். அது வரும் என்று காத்திருந்தேன். வந்ததோ, பெருநாள் கால வியாபாரத்தைப் பற்றிய ஒன்பது பக்கக் கட்டுரை. அதில் பெருநாள் என்ற சொல் முப்பது தடவைக்கு மேல் இருந்தது. பிறை ஒரு தடவைகூட இல்லை. கவிதை பத்தொன்பதாவது இடத்தில் கிடந்தது.

அன்றிரவு வீட்டில் சாச்சா, கலைப்பிரிவில் படிக்கிற பிள்ளைக்குக் கணினி எதற்கு என்று வாப்பாவிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. பத்தொன்பதாவது இடம்தான் மனதில் நின்றது.

மறுநாள் ஐ.சி.டி. டீச்சரிடம் போய் நின்றபோது அவர் பிழை எங்கே என்று சொல்லவில்லை. ஒரு பெயரை மட்டும் எழுதித் தந்தார். கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். நான் பிறப்பதற்கு முன்னரே இறந்துபோன ஒரு பெண்மணி. பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர் என்று வாசித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் 1935 ஆகஸ்ட் 26 ஆம் திகதி இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியிலுள்ள ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் பிறந்தார். கம்பளி ஆலைகளுக்குப் பெயர்போன ஊர் அது. தந்தை ஓவன் ஜோன்ஸ் இரசாயனவியல் விரிவுரையாளர். தாய் ஐடா ஸ்பார்க் நோர்வே நாட்டவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நாட்டைவிட்டு வெளியேறி லண்டனில் இயங்கிய நோர்வே அரசாங்கத்தில் பணியாற்றியவர். மகளின் பெயரில் ஸ்பார்க் என்று இருப்பது தாயின் குடும்பப் பெயர். 1958 இல் ரொஜர் நீடம் என்ற கணினி அறிஞரைத் திருமணம் செய்த பின்னரும் கேரன் தம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அக்கால இங்கிலாந்தில் அது சாதாரண விடயம் அல்ல. நம்மவர்களிடம் திருமணத்தோடு தந்தையின் பெயர் போய்விட வேண்டும் என்ற கட்டாயம் எப்போதுமே இருந்ததில்லை. அதனால் இதை வாசித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை, ஒரு நெருக்கம்தான் வந்தது.

1953 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேர்ட்டன் என்ற பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். வரலாறு படித்தார், கடைசி வருடத்தில் மெய்யியலையும் படித்தார். படிப்பு முடிந்ததும் சிறிது காலம் பாடசாலை ஆசிரியை. அந்த நாட்களில்தான் ரொஜர் நீடம் மூலமாக மார்கரெட் மாஸ்டர்மன் என்ற பெண்மணியின் அறிமுகம் கிடைத்தது. மாஸ்டர்மன் மெய்யியலாளர் விட்கென்ஸ்டைனிடம் பாடம் கேட்டவர். கேம்பிரிட்ஜில் மொழி ஆய்வுக்கென ஒரு சிறிய நிலையத்தை நடத்திவந்தார். அது பல்கலைக்கழகத்தின் உறுப்பு அல்ல, தனித்து நின்றது. இயந்திரத்துக்கு மொழியைப் புரியவைக்கலாம் என்று நம்பிய சிலர் அங்கே கூடியிருந்தார்கள். கணினிப் பட்டம் பெற்றவர்தான் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்படிப்பட்டவர்கள் அப்போது எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

கேரன் அங்கே எடுத்துக்கொண்ட கேள்வி சொற்களைப் பற்றியது. ஒரே பொருள் தரும் சொற்களைத் தொகுதி தொகுதியாகச் சேர்ப்பது நம் நிகண்டு ஆசிரியர்கள் செய்த வேலை. ஆங்கிலத்தில் ரோஜே என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைச் செய்தார். மனிதர் இருந்து யோசித்துச் சேர்ப்பதை இயந்திரம் தானே கணக்கிட்டுச் சேர்க்குமா என்று கேரன் ஆராய்ந்தார். 1964 இல் அதற்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. அந்த ஆய்வேடு நூலாக அச்சேறியது 1986 இல். இருபத்திரண்டு வருடங்கள் காத்திருந்த ஆய்வு!

பிறகு அவருடைய கவனம் ஆவணங்களைத் தேடுவதன் பக்கம் திரும்பியது. விஞ்ஞானக் கட்டுரைகள் மலைபோலக் குவிந்துகொண்டிருந்த காலம். ஒருவர் தேடும் சொல் ஒன்றாகவும் கட்டுரையாளர் எழுதிய சொல் வேறாகவும் இருந்தால் அந்தக் கட்டுரை அகப்படாது. ஒத்த சொற்களைத் தொகுத்துக்கொடுத்தால் அகப்படும் அல்லவா? அந்த நம்பிக்கையோடுதான் பரிசோதனைகளைத் தொடங்கினார். எதிர்பார்த்த அளவு பலன் வரவில்லை. அடிக்கடி வரும் பொதுச் சொற்கள் தொகுதிக்குள் புகுந்ததும் வேண்டாதவையெல்லாம் சேர்ந்து வந்தன. இதே இடத்தில் வேறொருவர் சலித்து விலகியிருக்கலாம். கேரன் அந்தத் தோல்விக்குள்ளேயே தேடினார். ஒரு சொல்லின் பொருளைப் பார்ப்பதற்கு முன், அது எவ்வளவு பரவலாக வழங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது.

1972 இல் ஆவணவியல் சஞ்சிகை ஒன்றில் அவர் எழுதிய கட்டுரை அதைச் சொன்னது. கணக்கு மிகவும் எளிது. நமக்கேற்ற உதாரணமாகச் சொல்கிறேன்.

நூலகத்தில் 1024 ஆக்கங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பெருநாள் என்ற சொல் அவற்றுள் 512 இல் வருகிறது. பிறை 16 இல் வருகிறது. இனி 1024 ஐப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு தடவை பாதியாக்கினால் 512. ஆகவே பெருநாளின் எடை 1. பிறைக்கு 512, 256, 128, 64, 32, 16 என்று ஆறு தடவை பாதியாக்க வேண்டும். எடை 6. ஒரே ஓர் ஆக்கத்தில் மட்டும் வரும் சொல்லுக்கு எடை 10. எல்லாவற்றிலும் வரும் சொல்லுக்குப் பூச்சியம். கணிதப் பிரிவுத் தோழியர் இதை மடக்கை என்பார்கள். எனக்குப் பாதியாக்குவதுதான் விளங்குகிறது. அரிதாக வரும் சொல் பாரமாகிறது, எங்கும் வரும் சொல் இலேசாகிறது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடம் உண்டு. பொதுச் சொற்களைத் தூக்கி எறிந்துவிட்டால் என்ன என்ற கேள்வி யாருக்கும் வரும். எறியக்கூடாது, அவையும் இருந்தால்தான் தேடல் நன்றாக அமைகிறது என்று கேரன் கண்டார். தம் கட்டுரையில் கிடைக்கும் எடையோடு ஒன்றைக் கூட்டியும் கொண்டார். அதனால் எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்கூட முற்றாக வெறுமையாகிவிடவில்லை. மூன்று ஆவணத் தொகுதிகளில் சோதித்துப் பார்த்தார். மூன்றிலும் தேடலின் தரம் உயர்ந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெராட் சோல்ட்டன் என்பவர் ஒவ்வோர் ஆவணத்தையும் ஒரு திசை காட்டும் அம்பாகக் கருதிக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். தேடுபவரின் கேள்வியும் ஓர் அம்பு. எந்த ஆவணத்தின் அம்பு கேள்வியின் அம்புக்கு மிக நெருங்கிய திசையில் நிற்கிறதோ அது முதலில் வரும். அம்பின் நீளங்களைத் தீர்மானிக்கும்போது, சொல் அந்த ஆவணத்தில் வரும் தடவையோடு கேரனின் எடையையும் பெருக்கினார்கள். நான் செய்ததில் முதற்பாதி மட்டுமே இருந்தது.

கேரன் அதோடு நிற்கவில்லை. 1976 இல் ஸ்டீபன் ரொபர்ட்சனோடு சேர்ந்து, ஓர் ஆவணம் தேடுபவருக்குப் பொருத்தமானதாக இருக்கும் நிகழ்தகவு என்ன என்ற வழியில் அதே எடைக்கு அடித்தளம் போட்டார். ரொபர்ட்சனும் அவருடைய குழுவினரும் பின்னர் அதை வளர்த்து 1990களில் பி.எம். 25 என்ற வாய்பாடாக்கினார்கள். அதில் இரண்டு திருத்தங்கள் முக்கியமானவை. ஒரே சொல் முப்பது தடவை வந்தால் முப்பது மடங்கு மதிப்பு இல்லை. சில தடவைகளுக்குப் பிறகு மதிப்பு ஏறுவது மெல்ல மெல்லக் குறைந்துவிடும். நீண்ட ஆவணம், நீண்டிருப்பதனாலேயே முந்திவிடவும் முடியாது. ஒன்பது பக்கக் கட்டுரையிடம் அடிவாங்கிய எனக்கு இதை வாசித்தபோது சிரிப்பு வந்தது. என் பிழையை எனக்கு முன்பே யாரோ பார்த்துத் திருத்தி வைத்திருக்கிறார்கள். இன்றைய தேடற்பொறிகள் பக்கங்களுக்கிடையிலான இணைப்புகளையும் வேறு பலவற்றையும் சேர்த்துப் பார்க்கின்றன. ஆனாலும் இந்த வாய்பாடு இன்னும் வேலையில்தான் இருக்கிறது.

ஒரு தேடல் முறை நல்லதா இல்லையா என்று எப்படிச் சொல்வது? கேரன் இதில் கண்டிப்பானவர். கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் என்ற நூலகர் தொடங்கிய பரிசோதனை வழியை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். குறித்த ஆவணங்கள், குறித்த கேள்விகள், எந்தக் கேள்விக்கு எது பொருத்தமானது என்று முன்கூட்டியே மனிதர் இட்ட தீர்ப்பு. இவற்றை வைத்துக்கொண்டு, வர வேண்டியவற்றுள் எத்தனை வந்தன, வந்தவற்றுள் எத்தனை தேவையானவை என்று அளக்க வேண்டும். 1970களிலேயே எல்லா ஆய்வாளருக்கும் பொதுவான ஒரு பெரிய சோதனைத் தொகுதி வேண்டுமென்று அவர் திட்டம் வரைந்தார். அது அப்போது கைகூடவில்லை. 1992 இல் அமெரிக்காவில் பெரிய அளவிலான பொதுச் சோதனைகள் தொடங்கியபோது அவர் அதில் உற்சாகமாகப் பங்குகொண்டார்.

இவ்வளவும் செய்தவருக்குப் பல்கலைக்கழகம் நிரந்தரப் பதவி ஒன்றைத் தந்திருக்கும் என்றுதானே நினைப்போம். தரவில்லை. நியூன்ஹாம் கல்லூரியில் சில வருடங்கள், ரோயல் சொசைட்டியின் புலமைப்பரிசிலில் சில வருடங்கள், 1974 முதல் கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வுகூடத்தில். அங்கும் ஒரு திட்டத்துக்கான பணம் முடிய, அடுத்த திட்டத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டிய நிலைதான். கணவர் அதே ஆய்வுகூடத்தின் தலைவராக இருந்தார். மனைவி குறுகிய கால ஒப்பந்தங்களில் இருந்தார். பல தசாப்தங்கள் இப்படியே போயின. பேராசிரியர் பதவி 1999 இல், அறுபது வயதைக் கடந்த பின் வந்தது. 2002 இல் ஓய்வு. மூன்று வருடப் பேராசிரியர்! இதில் நியாயம் இருந்தது என்று எனக்கு யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். அவர் கசப்போடு ஒதுங்கவில்லை என்பது வேறு விடயம். கணினித்துறையை ஆண்களிடம் மட்டும் விட்டுவைக்க முடியாது, அது அவ்வளவு முக்கியமானது என்ற கருத்தை மேடைகளில் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். பெண் பிள்ளைகளை இத்துறைக்கு அழைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வெளியே அவருக்குப் பாய்மரப் படகு பிடிக்கும். வீட்டையே கணவனும் மனைவியுமாகத் தங்கள் கையால் கட்டினார்கள். 2003 இல் ரொஜர் நீடம் காலமானார். கேரனுக்கும் பின்னர் புற்றுநோய் கண்டது. 2007 இல் பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் லவ்லேஸ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதற்பெண் அவர். உலகின் முதல் நிரலாளர் எனப்படும் ஏடா லவ்லேஸ் என்ற பெண்ணின் பெயரிலுள்ள பதக்கம் ஒரு பெண்ணின் கைக்கு வர அவ்வளவு காலம் எடுத்தது. நேரில் உரையாற்ற உடல்நிலை இடங்கொடுக்கவில்லை, உரை ஒளிப்பதிவாக்கப்பட்டது. 2007 ஏப்ரல் 4 ஆம் திகதி அவர் காலமானார். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை, தான் எழுதத் தவறிய மரணக் குறிப்புகளுள் ஒன்றாக அவருடையதை வெளியிட்டது 2019 இல்.

இதையெல்லாம் வாசித்து முடித்த வாரத்திலேயே என் நிரலில் அந்த எடையைச் சேர்த்தேன். நாலு வரிதான். மீண்டும் பெருநாள், பிறை என்று கொடுத்தேன். வானியல் கழக மாணவியர் பிறையைப் பற்றி எழுதிய கட்டுரை முதலில் வந்தது. அது நியாயமான முடிவுதான். மொட்டை மாடிக் கவிதை இரண்டாவதாக நின்றது. வியாபாரக் கட்டுரை எங்கோ கீழே போய்விட்டது.

வீட்டில் சாச்சாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் யோசித்துவிட்டுத் தமக்குத் தெரிந்த ஒரு கதையைத் தேடச் சொன்னார். பிறையைக் கண்ட இரவு என்று தலைப்பு. வரவில்லை. பார்த்தால், அந்தக் கதை முழுவதிலும் பிறையை, பிறையின், பிறைக்கு என்றுதான் இருக்கிறதே தவிர, தனியே பிறை என்று ஓர் இடத்திலும் இல்லை. இயந்திரத்துக்கு அவை நான்கு வெவ்வேறு சொற்கள். ஆங்கிலத்தைவிடத் தமிழில் இந்தச் சிக்கல் பெரிது. இதைத் தீர்க்க வேற்றுமை உருபும் புணர்ச்சியும் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். அப்படியானால் இலக்கணம் படித்த பிள்ளைதான் வேண்டும் என்று சாச்சா தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். உருபுகளைப் பிரிக்கும் பகுதியை இந்த விடுமுறையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐகாரம் வரை வந்துவிட்டது.