பிரஜாவுரிமை காத்த மினோரு யசூயி

பொருள் தேடிக் கடல் கடந்து செல்வோர் எந்நாட்டிலும் உளர். அவர்கள் சென்ற இடத்தில் உழைப்பர், உழைத்துப் பொருளீட்டுவர், எனினும் அவர் நெஞ்சம் பிறந்த மண்ணையே நாடி நிற்கும். அவர்தம் மக்களின் நிலை வேறு. அம்மக்கள் பிறந்ததும் வளர்ந்ததும் புதிய நாட்டில். பேசுவதும் அந்நாட்டு மொழி. தந்தையின் ஊர் அவர்களுக்குக் கேள்வியால் மட்டும் அறிந்ததோர் ஊரே. ஆயினும் முகமும் பெயரும் தந்தைக்குரியனவாதலின், பிறந்த நாட்டார் அவர்களை அயலாரென்றே கருதுவதுண்டு. தனக்கென வேறொரு நாடு இல்லாத ஒருவனைத் தன் நாடே அயலானென்று தள்ளுமாயின் அவன் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக்கிச் சென்ற மினோரு யசூயி என்னும் பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

அயல்நாடு சென்ற ஜப்பானியர் தம் தலைமுறைகளை எண்ணிட்டு வழங்கும் வழக்கமுடையர். குடியேறியோர் இஸ்ஸெய், அஃதாவது முதல் தலைமுறையினர், அவர் மக்கள் நிஸ்ஸெய், பேரர் ஸன்ஸெய். இவ்வெண்கள் வெறுங் கணக்கல்ல. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அவை சட்டத்தால் வகுக்கப்பட்ட எல்லைகளாகவும் இருந்தன. அந்நாட்டுச் சட்டம் ஜப்பானிற் பிறந்தவர் எத்தனை ஆண்டு அங்கு வாழினும் அவருக்குப் பிரஜாவுரிமை நல்கவில்லை. 1922ஆம் ஆண்டில் ஒஸாவா என்பவரது வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. மறு ஆண்டில் நம் நாட்டவரான பகத் சிங் திண்ட் என்பவர்க்கும் அம்மன்றம் அதே கதவை அடைத்தது. ஆனால் அமெரிக்க மண்ணிற் பிறந்த குழந்தை, பெற்றோர் யாவராயினும், பிறப்பினாலேயே பிரஜையாம் என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் விதி. ஆகவே ஒரே கூரையின்கீழ்த் தந்தை அந்நியரும் மகன் பிரஜையுமாக வாழும் விந்தை நேர்ந்தது. தந்தை எவ்விலை கொடுத்தும் பெறவியலாத ஒன்று மகனுக்குத் தொட்டிலிலேயே கிடைத்தது.

மினோருவின் தந்தையார் மஸுவோ யசூயி, ஜப்பானின் ஒக்காயாமா பகுதியினர். 1903ஆம் ஆண்டில், இளம் பருவத்தில் அமெரிக்கா சேர்ந்து இருப்புப்பாதை வேலையிற் கூலியாளாக உழைத்தார். பின்னர் ஆரிகன் மாகாணத்து ஹூட் ரிவர் என்னும் பள்ளத்தாக்கை அடைந்து, 1908இல் தம் உடன்பிறந்தாரோடு ஒரு கடை வைத்தார். அப்பள்ளத்தாக்கு ஆப்பிள், பேரி முதலிய கனிகளுக்குப் பேர்பெற்றது. காடு வெட்டிக் கழனியாக்கிய ஜப்பானியர்க்கு அவர் கடை பண்டசாலையாகவும் ஆலோசனை மன்றமாகவும் விளங்கிற்று. மெதடிஸ்ட் சபையைச் சார்ந்த அவர் வெள்ளையரிடத்தும் நன்மதிப்புப் பெற்றார். எனினும் 1923இல் ஆரிகன் சட்டசபை, பிரஜையாகும் தகுதியற்ற அந்நியர் நிலம் வாங்கலாகாதென விதித்தது. அது முதல் ஜப்பானியர் பலர் அமெரிக்காவிற் பிறந்த தம் பிள்ளைகளின் பெயராலேயே நிலம் வைத்திருக்க நேர்ந்தது. பிள்ளையின் பிரஜாவுரிமையே குடும்பத்தின் சொத்தாயிற்று.

இக்குடும்பத்தில் 1916ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் மினோரு பிறந்தார். 1937இல் ஆரிகன் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்றார். அங்கு இராணுவப் பயிற்சியும் முடித்துச் சேமப்படையில் இரண்டாம் லெப்டினன்ட் பதவியும் அடைந்தார். 1939இல் அச்சர்வகலாசாலையின் சட்டப் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. ஆரிகன் மாகாணத்தில் வழக்கறிஞராகப் பதிவுபெற்ற முதல் ஜப்பானிய வமிசத்தவர் அவரே. கல்வியுந் தகுதியும் இருந்தும் வழக்குக் கொண்டுவருவார் அரியராயினர். ஆதலின் சிகாகோ நகரிலுள்ள ஜப்பானியத் தூதரலுவலகத்தில் ஊழியம் ஏற்றார். அவ்வேலை பின்னர் அவர்க்கு எத்துணைத் தீங்காய் முடிந்ததென்பதை மேலே காண்போம்.

1941 டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. மறுநாளே மினோரு தம் வேலையைத் துறந்தார். படைக்கு வருமாறு அழைப்புக் கிடைக்கவே வான்கூவர் கோட்டைக்குச் சென்று ஆஜரானார். அங்குள்ளார் அவர் முகத்தைக் கண்டதும் வீடு திரும்புமாறு பணித்தனர். ஒருமுறையன்று, பலமுறை சென்றார், பலமுறையுந் திருப்பப்பட்டார். அதற்கிடையே அவர் தந்தையார் எதிரிநாட்டு அந்நியரெனக் கைது செய்யப்பட்டு மோன்டானா மாகாணத்து மிஸூலா கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கு நடந்த விசாரணையில், யசூயியின் வீட்டிற் கண்டெடுத்த பனாமாக் கால்வாயின் படங்களை அதிகாரிகள் சான்றாகக் காட்டினர். அவை பிள்ளைகள் பள்ளிப் பாடத்திற்காக வரைந்தவை. அக்கால்வாயைத் தகர்க்க எண்ணவில்லையென்று நிரூபிக்குமாறு தந்தையாரைக் கேட்டனர். எண்ணாத ஒன்றை எண்ணவில்லையென்று யார் நிரூபிக்கவல்லார்? உடனிருந்து இதனைக் கண்ட மகனின் உள்ளம் எவ்வாறிருந்திருக்குமென்பதை நாம் உய்த்துணரலாம். மஸுவோ போர் முடிந்தபின், 1946ஆம் ஆண்டிலேயே விடுதலை பெற்றார்.

1942 பிப்ரவரி 19ஆம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் ஆணை பிறப்பித்து, மேற்குக் கடற்கரையினின்று எவரையும் வெளியேற்றும் அதிகாரத்தை இராணுவத்தினர்க்கு அளித்தார். மார்ச்சு மாதத்தில் ஜெனரல் டிவிட் ஊரடங்கு உத்தரவொன்றை வெளியிட்டார். மாலை 8 மணி முதல் காலை 6 மணி வரை வீட்டைவிட்டு வெளிப்படலாகாது என்பது அவ்வுத்தரவு. ஜெர்மானிய, இத்தாலிய அந்நியர்க்கும் அஃது உரியதாயினும், அவ்வினத்தாருள் அமெரிக்கப் பிரஜைகளானோரை அது கட்டுப்படுத்தவில்லை. ஜப்பானிய வமிசத்தாரை மட்டும், அந்நியர் பிரஜை என்னும் வேறுபாடின்றி, ஒருங்கே கட்டியது. சட்டங் கற்ற மினோருவின் உள்ளத்தைத் தைத்தது இதுவே. யாவர்க்கும் பொதுவான உத்தரவாயின் அவர் பணிந்திருப்பார். முன்னோரின் குருதியைக் கொண்டு பிரஜைகளுள் வேற்றுமை செய்யும் விதி அரசியலமைப்புக்கு முரணென்பது அவர் துணிபு. இதனை நீதிமன்றத்தின்முன் வைக்க ஒரே வழி உத்தரவை மீறுவதே. மீறுவதற்கு வேறொருவரை எதிர்பார்த்தார், முன்வருவார் இலர். ஆகவே தாமே முற்பட்டார்.

மார்ச்சு 28ஆம் நாள், சனிக்கிழமை இரவு, போர்ட்லண்டு நகரத் தெருக்களில் அவர் உலாவினார். நெடுநேரம் நடந்தும் பிடிப்பார் ஒருவருமில்லை. எதிர்ப்பட்ட காவலர் ஒருவரிடம் இராணுவ உத்தரவையும் தம் பிறப்புச் சான்றையும் காட்டித் தம்மைக் கைது செய்யுமாறு வேண்டினார். அவரோ, தொல்லையில் அகப்படாமல் வீடு போய்ச் சேருமாறு புத்தி கூறி அகன்றார். பின்னர் மினோரு தாமே போலீஸ் நிலையத்திற்குச் சென்று, ஆங்கிருந்த சார்ஜன்டை இணங்கச் செய்து சிறைப்பட்டார். சட்டத்திற்கு அஞ்சி ஓடுவோரை உலகம் அறியும். சட்டத்தின் கையைத் தேடிச் சென்று பற்றிய இவரைப் போல்வார் சிலரே. அப்பொழுது அவருக்கு வயது 25. கல்லூரி விட்டுச் சில ஆண்டுகளே கழிந்த நம் மூத்த மாணாக்கர் பலரின் வயது அது.

இச்செயலை அன்று புகழ்ந்தோர் மிகச் சிலர். ஜப்பானிய அமெரிக்கப் பிரஜைகளின் சங்கமே, அரசாங்கத்தோடு ஒத்துழைப்பதே தம் விசுவாசத்திற்குச் சான்றெனக் கருதி, அவரைக் கண்டித்தது. சின்னாளில் மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வமிசத்தார் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அவ்வாறு முள்வேலி முகாம்களிற் புகுத்தப்பட்டோர் ஏறக்குறைய 1,20,000 பேர். அவருள் மூன்றில் இரு பங்கினர் பிறப்பால் அமெரிக்கப் பிரஜைகள். ஜாமீனில் வெளிவந்திருந்த மினோரு அவ்வாணைக்கும் பணிய மறுத்தார். படைக்காவலர் அவரை ஹூட் ரிவர் வீட்டினின்று கொண்டு சென்று, போர்ட்லண்டிற் கால்நடைக் கண்காட்சிக்கென எழுப்பிய கொட்டகையில் ஏனையோருடன் அடைத்தனர். பின் ஐடஹோ மாகாணத்து மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

1942 நவம்பரில் நீதிபதி ஜேம்ஸ் ஆல்ஜர் ஃபீ தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு விசித்திரமானது. பிரஜைகளைப் பொறுத்தவரையில் ஊரடங்கு உத்தரவு செல்லாதென்றார் நீதிபதி. இவ்வளவோடு நின்றிருப்பின் மினோரு வென்றிருப்பார். ஆனால் தூதரலுவலகத்தில் ஊழியம் புரிந்தமையால் அவர் தம் பிரஜாவுரிமையைக் கைவிட்டவராயினார் என்றும், ஆதலின் அந்நியராகிய அவரை அவ்வுத்தரவு கட்டும் என்றும் முடிவு கூறினார். ஓராண்டுச் சிறையும் 5,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. எதனைக் காக்கச் சிறை புக ஒருப்பட்டாரோ அதுவே தம்மிடத்து இல்லையென்று கேட்க நேர்ந்தது அவர்க்கு. சன்னலற்ற சிறு அறையில் ஒன்பது மாதம் தனிச்சிறை இருந்தார். முதலில் நெடுநாள் குளிக்கவும் மயிர் களையவும் இசைவில்லை. சொந்த நாடுமில்லாதவராய், பெற்றோரின் நாடுமில்லாதவராய் அவ்வறையிற் கழித்த நாட்களே அவர் வாழ்வின் கடுஞ் சோதனையெனலாம்.

1943 ஜூன் 21ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இரு பகுதியையும் மாற்றி எழுதிற்று. யசூயி பிரஜையே, ஆனால் போர்க்காலத்தில் அவ்வுத்தரவு பிரஜைகள்மேலும் செல்லும் என்பது அதன் முடிவு. ஸியாட்டில் நகர மாணவரும் குவேக்கர் சபையினருமான கார்டன் ஹிராபயாஷியின் வழக்கும் அன்றே அவ்வாறே முடிந்தது. ஃபிரெட் கோரெமட்ஸு என்பவரின் வழக்கு 1944இல் தோல்வியுற்றது. மினோரு பிரஜாவுரிமையை மீளப் பெற்றார். அதன் பயனை இழந்தார். சிறையினின்று வெளிவந்தவர் மீண்டும் மினிடோகா முகாமுக்கே சென்றார்.

இவர் செயல் யாவற்றையும் யாவரும் உடன்பட்டாரல்லர். 1944இல், முகாமில் அடைபட்டிருக்கும் வரை கட்டாயப் படைச்சேவைக்கு இசையோமென்று மறுத்துச் சிறைப்பட்ட நிஸ்ஸெய் இளைஞரை இவர் சென்று கண்டு, மறுப்பைக் கைவிடுமாறு வற்புறுத்தினார். தாம் மட்டும் சட்டத்தை மீறலாம், பிறர் மீறலாகாதோ என்று வினவுவோர் பின்னாளிற் பலராயினர். படைச்சேவை பிரஜையின் கடமையென்றும், கடமையைச் செய்தே உரிமையைக் கேட்கவேண்டுமென்றும் இவர் கொண்ட கொள்கை இதற்குக் காரணமாகலாம். எனினும் அவ்விளைஞரின் வினாவும் இவருடைய வினாவின் உடன்பிறப்பே என்பது நம் எண்ணம்.

அவ்வாண்டிலேயே விடுதலை பெற்று மினோரு கொலராடோ மாகாணத்து டென்வர் நகரிற் குடியேறினார். ஆங்கு வழக்கறிஞர் தேர்விற் சித்தியடைந்தும், முன் தண்டனை பெற்றவரென்று பதிவை மறுத்தனர். அதனையும் அவர் மாகாண உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். பின்னர் அந்நகரத்துச் சமூக உறவுக் குழுவின் தலைமை அலுவலராக 1967 முதல் 1983 வரை பணியாற்றி, கறுப்பர், மெக்ஸிக வமிசத்தார் முதலிய பல்லினத்தார் குறைகளையும் தீர்க்க உழைத்தார். தம்மினத்தார் பட்ட துயரைத் தம்மினத்தார்க்கே உரியதென்று அவர் கருதவில்லை.

முகாம்களைப் பற்றி முதியோர் பேசாதிருந்தனர். வெட்கமும் வேதனையும் அவர் நாவைக் கட்டின. பேரர்களாகிய ஸன்ஸெய்களே வினவத் தொடங்கினர். இந்நிலையில், போர்க்காலத்து அரசாங்க வழக்கறிஞர் சிலர், உளவுத் துறையின் அறிக்கை இராணுவத்தின் கூற்றுக்கு மாறானதென்று எச்சரித்தும், அஃது உச்ச நீதிமன்றத்தினின்று மறைக்கப்பட்டதென்பதைப் பீட்டர் ஐரன்ஸ் என்னும் அறிஞர் பழைய ஏடுகளிற் கண்டறிந்தார். ஐக்கோ ஹெர்ஸிக் யோஷினாகா என்னும் அம்மையார், இராணுவ அறிக்கையின் திருத்தப்படாத முதற் படியைக் கண்டெடுத்தார். இவற்றை ஆதாரமாகக் கொண்டு 1983இல் மூவர் வழக்குகளும் மீண்டும் எழுந்தன. மினோருவுக்காக வாதிடத் தலைமையேற்றவர் பெகி நாகாயி என்னும் ஸன்ஸெய் மங்கையார். முன்பு கண்டித்த அதே சங்கம் இதற்கு முன்னரே, 1981இல், நிவாரணம் கோரும் குழுவின் தலைமையை மினோருவிடம் ஒப்புவித்திருந்தது.

1984இல் போர்ட்லண்டு நீதிமன்றம் அவர் தண்டனையை நீக்கிற்று. ஆயினும் அரசாங்கம் செய்த குற்றத்தை விசாரிக்க மறுத்துவிட்டது. தம் பெயரினின்று கறை நீங்கியது போதுமென்று 67 வயதுடைய அவர் அமர்ந்திருக்கலாம். அவர் அமரவில்லை. உண்மை இன்னதென்று நீதிமன்றம் உரைக்கவேண்டுமெனக் கோரி மேல்முறையீடு செய்தார். அது முடியுமுன், 1986 நவம்பர் 12ஆம் நாள் உயிர் நீத்தார். மனுதாரர் இறந்தமையின் வழக்கும் இறந்ததென்று நீதிமன்றங்கள் முடித்துவிட்டன. தந்தையார் காடு வெட்டிய பள்ளத்தாக்காகிய ஹூட் ரிவரிலேயே அவர் உடல் அடக்கம் பெற்றது.

ஈராண்டு கழித்து, 1988இல், அமெரிக்க அரசாங்கம் சட்டமியற்றி மன்னிப்புக் கோரியது. முகாம்களில் அடைபட்டு உயிரோடிருந்தோர் ஒவ்வொருவர்க்கும் 20,000 டாலர் வழங்க முன்வந்தது. 2015இல் ஜனாதிபதி ஒபாமா, அந்நாட்டுக் குடிமக்கட்குரிய மிகவுயர்ந்த விருதாகிய சுதந்தரப் பதக்கத்தை மினோருவின் பெயர்க்கு அளித்தார். தாம் கேட்ட தீர்ப்பு மட்டும் அவர்க்குக் கிடைக்கவேயில்லை.

பிறப்பினாற் பெற்ற உரிமையை நாம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை; காற்றும் நீரும் போல் அஃது என்றும் இருக்குமென்று எண்ணியிருப்போம். அது பறிக்கப்படக்கூடியதென்பதை, அதனைப் பெறவியலாத தந்தையின் மகனொருவர் நன்கறிந்திருந்தார். தந்தைக்கு மறுக்கப்பட்டதை மகன் காத்தார். மகன் தோற்ற வழக்கைப் பேரர் தலைமுறை எடுத்து நடத்தியது. மூன்று தலைமுறை உழைத்து ஒரு நாட்டிற் குடியேறுவது எத்துணை அரிய செயலென்பதை அவர் வரலாறு நமக்கு உணர்த்துவதாக.