பரணில் இருந்த 267 நாடாக்கள்

டெலியா டெர்பிஷயர் 1937இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் பிறந்தவர். 1940இல் ஜெர்மன் விமானங்கள் அந்நகரை எரித்தன. அன்று கேட்ட சைரன் ஒலியே அவருக்கு முதல் இசைப்பாடம். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தார். பெண்ணென்று ஓர் இசைத்தட்டு நிறுவனம் வேலை மறுத்தது. 1962இல் பிபிசியின் ஒலிப்பட்டறையில் சேர்ந்தார்.

மீட்டிய கம்பியின் ஒலியை நாடாவில் பதிந்து, வேகம் மாற்றி, வெட்டி ஒட்டி, ரொன் கிரெயினரின் மெட்டை 1963இல் 'டொக்டர் ஹூ' தொடரின் முகப்பிசையாக்கினார். அவர் பெயரையும் சேர்க்கக் கிரெயினர் விரும்பினார். நிறுவன விதி இடந்தரவில்லை. 2001இல் அவர் இறந்தபின் பரணில் 267 நாடாக்கள் கிடைத்தன. திரையில் பெயர் வந்தது 2013இல்தான்.

பொம்பர் இரைச்சலை நாங்களும் அறிவோம். ஊரிலிருந்து வந்த கசெற்றுகளில் அம்மாவின் குரலுக்குப் பின்னால் கிணற்றுக் கப்பியும் காகமும் கேட்கும். அவற்றை எறிந்துவிடாதீர்கள். எந்தக் கணக்கிலும் ஏறாத சொத்து அது.