மக்களுக்குச் செய்தி சொன்ன தலைவர்

அரியாங்குப்பத்திலிருந்து ஆற்றுப் பாலம் கடந்து நாள்தோறும் கல்லூரிக்கு வருபவன் நான். வாக்குக் கேட்டு எங்கள் தெருவுக்கு வருவோர் பலர். வென்றபின் அவையில் நடந்ததை வந்து சொல்வோர் சிலரே. இந்த ஏக்கம் எழும்போதெல்லாம் என் நெஞ்சில் நிற்பவர் மக்கள் தலைவர் வ. சுப்பையா.

1911இல் புதுவையில் பிறந்த அவர், பதவி எதுவும் வருமுன்பே, 1934இல் ‘சுதந்திரம்’ இதழைத் தொடங்கினார். பிரெஞ்சு மொழியில் ஆட்சி நடந்த ஊரில், நாட்டு விடுதலையையும் உள்ளூர் ஆலைத் தொழிலாளர் துயரையும் ஒரே ஏட்டில் தமிழில் எடுத்துரைத்தார். 1936 ஜூலை 30 அன்று, போராடிய தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு இரையாயினர். மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

1947இல் பிரெஞ்சு நாட்டு மேலவைக்கும், 1954 இணைப்புக்குப் பின் புதுவைப் பேரவைக்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1969இல் அமைச்சரானார், 1993இல் மறைந்தார்.

அவை நாற்காலி அவருக்குப் பின்னர் வந்தது. மக்களுக்குச் செய்தி சொல்லும் கடமை முன்னரே வந்துவிட்டது. தோழர்களே, வாக்களிக்கும் வயதை எட்டிவிட்ட நாம், வாக்குக் கேட்பவரிடம் கணக்குக் கேட்கவும் கற்க வேண்டாமா?