விக்கெட் எடுக்கலாம், கேப்டன் ஆகக் கூடாதா? யார் இந்த பல்வங்கர் பாலு?

தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு டீக்கடை இரட்டைக் குவளை பற்றி விளக்க வேண்டியதில்லை. அதே குவளை கிரிக்கெட் மைதானத்திலும் இருந்தது. புனே இந்து அணியின் சிறந்த பவுலர், டீ இடைவேளையில் பெவிலியனுக்கு வெளியேதான் நிற்கணும். அவருக்கு மட்டும் தூக்கி எறியும் மண் குவளை, சாப்பாட்டுக்குத் தனி மேசை. ஆனால் பந்தை மட்டும் எல்லாரும் தொடலாம்!

அவர்தான் பல்வங்கர் பாலு. 1870-களில் தார்வாரில், தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட தலித் சமூகத்தில் பிறந்த இடக்கை சுழற்பந்து வீச்சாளர்.

புனேயில் ஐரோப்பியர் கிளப் ஒன்றில் பிட்ச் உருட்டுவது, வலை கட்டுவதுதான் அவர் வேலை. மாதம் 4 ரூபாய். துரைமார்களுக்கு மணிக்கணக்கில் பந்து போட்டார். கிரெய்க் என்ற பேட்ஸ்மேன் ஒவ்வொரு முறை அவுட்டாகும்போதும் எட்டணா கொடுப்பாராம். பேட்டை மட்டும் ஒருநாளும் யாரும் பாலு கையில் கொடுக்கவில்லை. பந்துவீச்சு உழைப்பாளிக்கு, பேட்டிங் எஜமானுக்கு என்பது அன்றைய கணக்கு. அமெரிக்கக் கால்பந்திலும் இதே கதைதான்: கறுப்பின வீரர்கள் ஓடலாம், தடுக்கலாம், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடம் நெடுங்காலம் வெள்ளையர் கையில் இருந்தது.

1906-ல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர்களை 109 ரன்னில் வீழ்த்தியது. பாலுவுக்கு 8 விக்கெட். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட். அந்த அணிக்குக் கேப்டன் யார் தெரியுமா? 19 வயது பாட்டியாலா மகாராஜா.

1920-ல் கேப்டன் பை உடல்நலமின்றி விலக, அடுத்தது பாலுதான் என எதிர்பார்ப்பு. தேர்வாளர்கள் அவரை அணியிலேயே சேர்க்கவில்லை. பதவி தியோதருக்குப் போனது. தம்பிகள் விட்டல், சிவராம் இருவரும் ஆட மறுத்து வெளியேறினார்கள். இது வேலை செய்தது. பை திரும்பி வந்தார், பாலு துணைக் கேப்டன் ஆனார். ஆட்டத்தின் நடுவே பை களத்தை விட்டு வெளியேறி, கொஞ்ச நேரம் அணியைப் பாலு நடத்த வழிவிட்டார். அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

பின்னாளில் அரசியலுக்கு வந்த பாலு, 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று அம்பேத்கரிடம் சுமார் 2,000 வாக்கில் தோற்றார். 1911-ல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய அவரைத் தங்கள் நாயகனாகக் கொண்டாடியவர்களில் இளம் அம்பேத்கரும் ஒருவர்.

1955-ல் பாலு காலமானார். கேப்டன் பதவி அவர் வீட்டுக்கு 1923-லேயே வந்திருந்தது, தம்பி விட்டல் மூலமாக.